தட்டைத் திருப்பி வைத்த எட்டு நாட்கள்

போன வாரம் கிரேஸ் போன் செய்தாள். என் சர்வீஸின் கடைசி நான்கு வருடம் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள். இப்போது வேறு ஊரில், மனநோய்ப் பிரிவில் சிஸ்டர்.

"அக்கா, ஒரு கேஸு. மாத்திரையே போட மாட்டேங்கா. வீட்டு ஆட்கள் வந்து, சோத்துல பொடிச்சுக் கலந்து குடுத்துருங்கன்னு காலைப் பிடிக்காவ. இப்ப ரூல் அப்படிக் கிடையாதுல்லா? எல்லாத்துக்கும் கையெழுத்து வாங்க ஃபாரம் இருக்கு. நீங்க அந்தக் காலத்துல என்ன செஞ்சிய?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன், பெறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. ரிட்டயர் ஆகி இத்தனை வருடமாகிறது. முட்டு வலிக்குத் தைலம் தேய்க்கவே பொழுது சரியாக இருக்கிறது. இந்த நேரத்தில் இந்தக் கேள்வியைப் போய்க் கேட்கிறாளே என்று எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் மேல் என்ன தப்பு? நான் செய்ததை நான்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்ல வராது. எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றரை வருடம் பெட்ஷீட் மூலையை மடிக்கவும், திட்டு வாங்கவும் படித்தேன். பிறகு பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அங்கே முதல் ஆறு வருடம் என்னைக் குழந்தைகள் வார்டில் போட்டார்கள்.

குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, இது பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு வேண்டும். மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து வலிப்பு நோயோடு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து போட்டார்கள். நாலு வயசு. மாத்திரையைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்ளும். இரண்டு பேர் பிடிக்க, மூக்கைப் பொத்தி ஊற்றுவார்கள். அது மூச்சு முட்டி, குடித்ததை எல்லாம் கக்கிவிடும். நான் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் பாகு காய்ச்சி, சின்னப் பாட்டிலில் வைத்துக்கொண்டேன். மாத்திரையைப் பேப்பரில் மடித்து, பாட்டில் அடியால் நசுக்கி, பாகில் குழைத்து, "மிட்டாய் மாமி வந்திருக்கேன், ஆ காட்டு" என்பேன். பிள்ளை சப்புக்கொட்டித் தின்னும். பிறகு எந்தப் பிள்ளை அடம் பிடித்தாலும் "அந்தக் கருப்பட்டி சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தப் பழகிய கையோடுதான் தொண்ணூறுகளின் நடுவில் என்னைப் பெண்கள் மனநல வார்டுக்கு மாற்றினார்கள். பதினெட்டுக் கட்டில். உள்ளே போகவும் வரவும் ஒரே கதவு, அதற்கு ஒரே சாவி. அது பாக்கியம் சிஸ்டர் இடுப்பில் தொங்கும்.

பாக்கியம் சிஸ்டர் வார்டுக்குப் பொறுப்பு. நாசரேத் பக்கத்துக்காரர். கட்டையான உருவம், கஞ்சி போட்ட சேலை, செருப்புச் சத்தமே கேட்காது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நம் மேல் கோபம் என்றால், நாம் எழுதிய ரிப்போர்ட்டை நம் கையிலேயே கொடுத்து, "வாசி" என்பார். எல்லார் முன்னாலும் நின்று வாசிக்க வேண்டும். தப்பு எங்கே என்று அவர் சொல்லமாட்டார். நாமே வாசித்துக்கொண்டு வரும்போது நாக்குத் தடுக்கும். அங்கே நிறுத்தி, "ம்" என்பார். நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. மனநோய்க்காரர்களில் பாதிப் பேருக்குச் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற பயம் இருக்கும். அதனால் சாப்பாட்டு வாளி வந்ததும் பாக்கியம் சிஸ்டர் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். எல்லாரும் பார்க்க, ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிடுவார். மாத்திரை போட்ட நோயாளிகளிடம் நாங்கள் "வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்று பார்ப்போமே, அதே மாதிரி தானும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காட்டுவார். முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை, நோயாளிகளும் சிரிக்கவில்லை. கூர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை நீட்டினார்கள். சிலருக்கு அதுவும் போதாது. அவர்களுக்கு மட்டும், பரிமாறுகிற சிஸ்டர் அவர்கள் தட்டிலிருந்தே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

சிவகாமி அந்தச் சிலரில் ஒருத்தி. ஸ்ரீவைகுண்டத்துக்காரி, சைவக் குடும்பம். கணவர் பள்ளிக்கூட வாத்தியார். இருபத்தெட்டு வயசு, பத்தாவது வரை படித்தவள். மூன்று வயசில் ஒரு பெண் குழந்தை. அத்தை, அதாவது மாமியார், குழம்பில் ஏதோ கலக்கிறாள் என்று ஆரம்பித்து, தன் சமையலைத் தவிர எதையும் தொடாமல் இருந்து, கடைசியில் தான் சமைத்ததையும் சந்தேகப்பட்டுச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். சேர்க்கும்போது எலும்பும் தோலுமாக இருந்தாள்.

அன்றைக்கு அட்மிஷன் எழுதியது நான்தான். வயசு, பசி, தூக்கம் என்று எல்லாக் கேள்வியையும் அவள் மாமியாரிடமும் கணவரிடமும் கேட்டேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அது இப்போது எழுதும்போதுதான் உறுத்துகிறது.

பாக்கியம் சிஸ்டர் அவள் தட்டிலிருந்து தின்று காட்டியதும் மூன்றாம் நாள் அரை இட்லி தின்றாள். ஆனால் மாத்திரை மட்டும் உள்ளே போகவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக் குளியலறையில் துப்பினாள். டாக்டர் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா பிடிச்சு ஊசி போட்டுருங்க."

பிடிப்பது என்றால் நாலு பேர். கைக்கு ஒருத்தி, காலுக்கு ஒருத்தி. அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த எலும்புக் கையைப் போய் நான் பிடிக்கவா? மனசு கேட்கவில்லை. கூடவே, சொன்னால் என்ன, கருப்பட்டி சிஸ்டர் என்ற கொழுப்பும் இருந்தது.

காலை ட்யூட்டியில் அவளுக்குப் பரிமாறுவது நான். இட்லியும், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். மாத்திரையை ஸ்டோர் ரூமில் நசுக்கி, பொடியில் கலந்து, எண்ணெய் விட்டுக் குழைத்துத் தட்டின் ஒரு பக்கம் வைப்பேன். மறுபக்கம் வெறும் பொடி. அவள் முன்னால் உட்கார்ந்து, வெறும் பொடி இருக்கிற பக்கமிருந்து ஒரு துண்டு பிட்டுத் தொட்டுத் தின்பேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். அப்புறம் பேசிக்கொண்டே தட்டைத் திருப்பி, மாத்திரைப் பக்கம் அவளுக்கு நேராக வருகிற மாதிரி வைப்பேன். டாக்டரிடம் சொன்னேன். "எப்படியோ உள்ள போனா சரி" என்று சிரித்தார். பாக்கியம் சிஸ்டரிடம் சொல்லவில்லை. சார்ட்டில் "வாய் வழியாகக் கொடுக்கப்பட்டது" என்று எழுதினேன். அது பொய் இல்லையாம்!

எட்டு நாள். கிரேஸ், இதை மறைக்காமல் சொல்கிறேன், மாத்திரை வேலை செய்தது. நாலாம் நாள் தூங்கினாள். ஆறாம் நாள் சீப்புக் கேட்டுத் தலை வாரினாள். ஏழாம் நாள், "எம் புள்ளைக்கு இருமல் இருந்துச்சு, சரியாயிட்டுதான்னு கேட்டுச் சொல்லுதியளா சிஸ்டர்?" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் நான் தின்று காட்டி, தட்டைத் திருப்பினேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெனமும் ஏன் தட்டைத் திருப்புதிய?"

"திருப்புனேனா? சும்மா கைப்பழக்கம்."

புத்தி தெளிந்த பிறகுதான் அவளுக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது. அதுவும் என் மாத்திரை தெளிய வைத்த புத்தி. அவள் ஒரு துண்டு பிட்டாள். தன் பக்கத்துப் பொடியில் நன்றாகத் தோய்த்து, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"இதைத் தின்னுங்க."

ஒரு நிமிடம் இருக்குமா? இருக்காது. ஒரு துண்டைத் தின்றிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கொஞ்சம் தலை சுற்றியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் வாய் திறக்கவில்லை. "வயிறு நெறஞ்சிருக்கும்மா" என்றேன்.

அவள் அந்தத் துண்டைத் தட்டில் வைத்தாள். எழுந்து வார்டு நடுவில் போய் நின்றாள். "இந்த சிஸ்டர் சோத்துல கலக்குதா! பைய இந்தப் பக்கம் தின்னு காட்டிட்டு, அந்தப் பக்கத்தை நமக்குத் தாரா! யாரும் தின்னாதிய!" என்று கத்தினாள். பதினெட்டுக் கட்டிலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய அநியாயம். ரிப்போர்ட் எழுத வேண்டும். இங்கிலீஷில்தான் எழுதுவோம். "சந்தேகம் அதிகரித்துள்ளது. செவிலியர் உணவில் ஏதோ கலப்பதாகக் கூறிச் சத்தமிடுகிறார். உணவை மறுக்கிறார்." இதுதான் எழுதியது. கை கூசவில்லையா என்று கேட்டால், கூசியது. ஆனாலும் எழுதினேன். அவள் சொன்ன உண்மையை அவள் நோயின் அறிகுறி என்று கையெழுத்துப் போட்டேன்.

அவள் அன்றைக்கும் மறுநாளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டின் முதல் வரியை மட்டும் பார்த்தார். "மருந்து உள்ள போயும் கூடுதே. நம்மால முடியாது. சென்னைக்கு அனுப்பிரலாம், லெட்டர் ரெடி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஓ.பி.க்குப் போனார்.

அவள் கணவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "சிஸ்டர், எங்க அம்மா ஒரே பிடியா நிக்காவ. மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனவளைத் திரும்ப வீட்டுல ஏத்த முடியாதாம். புள்ளைய நாமளே வளத்துக்கிடலாம்னு சொல்லுதாவ. நான் என்ன செய்யட்டும்?" பெரிய மனுஷர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த லெட்டர் போனால் அவள் தன் பிள்ளையைப் பார்க்கப்போவதில்லை. போக வைப்பது என் ஒரு வரி.

மதியம் ட்யூட்டி மாறும்போது பாக்கியம் சிஸ்டர் ரிப்போர்ட்டை நீட்டினார். "வாசி."

அவருக்கு முன்பே தெரியுமா, இல்லை எப்போதும் போலக் கேட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வாசித்தேன். "செவிலியர் உணவில் ஏதோ கலப்பதாகக் கூறி" என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ம்."

"கலந்தேன் சிஸ்டர்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார். தட்டைத் திருப்பி வைத்ததைச் சொன்னபோது மட்டும் கண்ணை மூடினார்.

"பதினாலு வருசமாத் தின்னு காட்டுதேன்" என்றார். "வயித்துப்போக்கு வந்த நாள்லயும் தின்னுருக்கேன். இன்னைக்கு ஸ்டூல்ல உக்காந்து வாயைத் தொறந்து காட்டுதேன், ஏழு பேரு தட்டை நீட்டல. நீ என் நாக்கை வச்சுல்லா பொய் சொல்லிருக்க, ஏட்டி!"

அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "டாக்டருக்கும் தெரியும் சிஸ்டர்" என்றேன். "டாக்டர் வந்து தட்டு முன்னால உக்காந்தாரா?" என்று கேட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னது செய் என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நானாகத்தான் சிவகாமி கட்டிலுக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"சிவகாமி, நான் கலந்தேன். எட்டு நாளாக் கலந்தேன். விஷம் இல்ல. நீங்க துப்புன அதே மாத்திரைதான்" என்று மாத்திரை அட்டையை அவள் முன்னால் வைத்தேன். அதன் பெயர், எதற்குக் கொடுக்கிறோம், வாய் உலரும், தூக்கம் வரும் என்று முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். பதினைந்து நாளாக எங்கள் வார்டில் இருக்கிறவளிடம் முதல் தடவையாக!

அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்ப நான் சொன்னது நெசந்தானே?"

"நெசந்தான்."

"நீங்க தெனமும் எழுதுதியளே, அந்த நோட்டு. அதுல என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாள். ரத்தமே இல்லாத அந்த முகத்தில் அப்படி ஒரு கோபம். "நெசத்தைச் சொன்னதுக்குப் பைத்தியம்னு எழுதுவியளா? வீட்டுலயும் இதுதான், இங்கனயும் இதுதானா? அதை மாத்தி எழுதுங்க. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. பெறவு நான் தண்ணி குடிக்கேன்."

"உங்க அத்தை கலக்கலம்மா. கலந்தது நான்" என்றேன். அத்தை விஷயத்தில் நான் சொன்னதை அவள் ஏன் நம்ப வேண்டும்?

நோட்டை அவள் கட்டிலுக்கே கொண்டுவந்து எழுதினேன். முந்தைய வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கீழே எழுதினேன்: "நோயாளி கூறியது உண்மை. எட்டு நாட்கள் அவர் அறியாமல் உணவில் மாத்திரை கலந்து கொடுத்தது நான். அந்த நாட்களில் அவருக்குத் தூக்கமும் பேச்சும் சீரடைந்தன. அவர் உணவை மறுப்பதற்குக் காரணம் இதுவே." இங்கிலீஷில் வாசித்து, தமிழிலும் சொன்னேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். பிறகு குழாயடிக்குத் தானே நடந்து போய், கையால் ஏந்திக் குடித்தாள். நான் நீட்டிய தம்ளரைத் தொடவில்லை.

டாக்டர் தாம்தூம் என்று குதித்தார். "சிஸ்டர், இது கேஸ் நோட்டா, பாவமன்னிப்புக் கூண்டா?" என்றார். தன் பெயர் அதில் இல்லை என்று பார்த்துக்கொண்டார். ஆனாலும் படித்தவர், விஷயம் புரிந்தது. எட்டு நாளில் தெளிந்தவளைச் சென்னைக்கு எதற்கு அனுப்புவது? லெட்டரைக் கிழித்துப் போட்டார். எனக்கு மெமோ வந்தது. இரண்டு மாதம் சாப்பாட்டு வாளிப் பக்கமே போகக்கூடாது என்றார்கள். பாக்கியம் சிஸ்டர் அந்த இரண்டு மாதமும் வேலையைத் தவிர என்னோடு பேசவில்லை. அவர் ஒவ்வொரு தட்டிலும் தின்று காட்டி, அந்த ஏழு பேரையும் திரும்பச் சாப்பிட வைக்க மூன்று வாரமானது. அத்தனை தட்டிலும் தின்று அவருக்கே வயிறு கெட்டுப் படுத்தார்.

சிவகாமி மாத்திரை போட்டாள். அட்டையை அவளிடமே கொடுத்துவிட வேண்டும். பெயரை வாசித்து, தானே பிய்த்து, தானே போட்டுக்கொள்வாள். சில நாள் "இன்னைக்கு வேண்டாம்" என்பாள். பாக்கியம் சிஸ்டர் "சரி, நாளைக்குக் கேக்கேன்" என்று சொல்லி, அதையே எழுதிவைப்பார். ஒரு நாளும் ஊசிக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வாரத்தில் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் தனிக்குடித்தனம் வைத்துவிட்டார். பிள்ளை அவளிடம்தான் வளர்ந்தது. போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

கலக்காதே என்று உனக்கு ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடலாம், கிரேஸ். ஆனால் கலக்காமல் இருந்திருந்தால் நாலு பேர் பிடித்திருப்போம். அதுவும் எனக்குத் தெரியும். இதற்கு நல்ல வழி ஒன்று இருந்தது: உட்கார்ந்து சொல்வது, மாட்டேன் என்றால் மறுநாளும் உட்கார்ந்து சொல்வது. பதினெட்டுக் கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர் இருக்கிற வார்டில் அதற்கு யாருக்கு நேரம் இருந்தது? உங்கள் ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று வருடம் அவள் மாதாமாதம் ஓ.பி.க்கு வந்தாள். மாத்திரையை மருந்துக் கௌண்டரில் வாங்குவாளே தவிர, என் கையிலிருந்து ஒரு சீட்டைக்கூட வாங்கியதில்லை. நானும் நீட்டுவதை விட்டுவிட்டேன்.

கடைசியாகப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கணவருக்குத் தென்காசிப் பக்கம் மாற்றல், இனி அங்கேயே காட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல வந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். யூனிபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை என் மேசை மேல் இருந்த கடலைமிட்டாயையே பார்த்தது. யோசிக்காமல் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் பகீர் என்றது.

பிள்ளை வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தது. சிவகாமி கையை நீட்டி என்னிடமிருந்து மிட்டாயை வாங்கினாள். பாதியைக் கடித்தாள். நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு மகள் பக்கம் குனிந்து வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளை பழக்கமான வேலையைச் செய்கிற மாதிரி எட்டி உள்ளே பார்த்தது. பார்த்துவிட்டு மீதிப் பாதியை வாங்கித் தின்றது.

"வாரேன் சிஸ்டர்" என்றாள் சிவகாமி. தலையை ஆட்டினேன்.